பிப்ரவரி 11: ஒரே நாளில் ஓர் ஆல்பம்

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானதாகப் பல இடங்களில் படித்திருக்கிறேன். உண்மைதானா? இன்று ஒரு பாட்டை முடிக்கவே வாரக்கணக்கில் ஆகிறதே, அவர்களுக்கு மட்டும் அது எப்படி முடிந்தது? அவசரமாகச் செய்தது கேட்கும்போது தெரியாதா?
– வாசகர், திருச்சி

பதில்: பெரும்பகுதி உண்மை. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தில் மொத்தம் 14 பாட்டுகள். அவற்றில் நான்கு, முன்பே இரண்டு சிங்கிள் இசைத்தட்டுகளாக வெளிவந்தவை. மீதிப் பத்தும் 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமையன்று லண்டன் ஏபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. நிறுவனத்தின் 2-ஆம் எண் ஸ்டுடியோவில் பதிவாயின. காலை 10 மணிக்குத் தொடங்கி இரவு 10.45க்கு முடித்தார்கள். இடைவேளைகளைக் கழித்தால் பத்து மணி நேரம்கூட இல்லை. அன்று ஜான் லெனனுக்கும் ரிங்கோ ஸ்டாருக்கும் வயது 22, பால் மெக்கார்ட்னிக்கு 20, ஜார்ஜ் ஹாரிசனுக்கு இருபதுகூட நிறையவில்லை.

சாதனை படைக்க வேண்டும் என்று யாரும் அந்த நாளைக் குறிக்கவில்லை. அப்போது பிரிட்டனில் ஸ்டுடியோ வேலை மூன்று மணி நேர 'செஷன்' கணக்கில் நடக்கும். ஒரு செஷனுக்குள் இரண்டு மூன்று பாட்டுகளை முடிப்பது வழக்கமான வேலைதான். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சிங்கிள் ஜனவரி 11 அன்று வெளிவந்து விற்பனைப் பட்டியலில் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. சூட்டோடு சூடாக ஆல்பமும் கடைக்கு வர வேண்டும். அவர்களுடைய லேபிளான பார்லஃபோன் தாராளமாகச் செலவழிக்கும் நிலையில் இல்லை. அன்றைய பதிவுக்கு ஆனது சுமார் 400 பவுண்ட். குழுவோ பாடகி ஹெலன் ஷபீரோவின் டூரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. இடையில் கிடைத்தது இந்த ஒரு நாள். மறுநாளே ஷெஃபீல்டிலும் ஓல்டாமிலும் மேடையேறிவிட்டார்கள்.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இவர்களை முதலில் நேரடி நிகழ்ச்சியிலேயே பதிவு செய்ய நினைத்தார். லிவர்பூலில் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் கேவர்ன் கிளப்புக்கு 1962 டிசம்பரில் போயும் பார்த்தார். நிலவறையான அந்த இடத்தின் எதிரொலி பதிவுக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும், மேடை நிகழ்ச்சியை அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவர முடிவெடுத்தார். அன்றைய வேகத்துக்கு மூல காரணம் இந்த முடிவுதான். பாட்டுகள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. 1960 முதல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து கிளப்புகளில் இரவுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் வாசித்த குழு அது. கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள மற்றவர்களின் பாட்டுகளையும் டஜன் கணக்கில் பாடம் செய்து வைத்திருந்தது. பிப்ரவரி 11 அன்று பதிவான பத்தில் ஆறு, அப்படி மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டுகளே.

அதற்காக எல்லாமே முதல் டேக்கில் ஓகே ஆகிவிடவில்லை. காலையில் முதலாவதாக எடுத்த 'தேர்ஸ் எ ப்ளேஸ்' பத்து டேக் வாங்கியது. மாலையில் 'ஹோல்ட் மீ டைட்' பாட்டுக்கு 13 டேக் எடுத்தும் திருப்தி வராமல் ஆல்பத்திலிருந்தே விட்டுவிட்டார்கள். ரிங்கோ டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடிய 'பாய்ஸ்' மட்டும் ஒரே டேக்கில் முடிந்தது.

மதிய இடைவேளையில் மார்ட்டினும் இன்ஜினீயர்களும் பக்கத்து பப்புக்குச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால், நால்வரும் வெறும் பாலைக் குடித்துவிட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்திலும் வேலை செய்யும் குழுவை அதுவரை தாங்கள் கண்டதில்லை என்று உதவி இன்ஜினீயர் ரிச்சர்ட் லாங்ஹாம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அன்று ஜானுக்குக் கடுமையான ஜலதோஷம். தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டே நாள் முழுவதும் பாடினார். குரலைக் கிழித்துக் கத்திப் பாட வேண்டிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை முன்னால் எடுத்தால் மற்றவற்றுக்குக் குரல் இருக்காது என்பதால் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் எடுத்த முதல் டேக்தான் நாம் இன்றும் கேட்பது. இரண்டாவது டேக்குக்கு முயன்றபோது ஜானிடம் குரலே மிச்சமில்லை.

அவசரம் தெரியாதா என்று கேட்டீர்கள். நீங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அன்று பதிவானது இரண்டே டிராக் கொண்ட டேப்பில். பொதுவாக வாத்தியங்கள் ஒரு டிராக், குரல்கள் இன்னொன்று. ஸ்டீரியோ பதிப்பில் அவை அப்படியே இடதும் வலதுமாகப் பிரிந்து நிற்கும். ஹெட்ஃபோனில் கேட்டு, ஒரு காதை மட்டும் எடுத்துவிடுங்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டில் வலப்பக்கக் குரல் கரகரத்து உடையும் இடங்கள் பளிச்சென்று கேட்கும். இடப்பக்கம் கிதார்களும் டிரம்ஸும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் ஓடும். குரல் களைத்திருக்கிறது, தாளம் எங்கும் தடுமாறவில்லை. அவசர வேலையில் இந்தக் கட்டுக்கோப்பு வராது.

பூச்சு வேலையும் கொஞ்சம் உண்டு. 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' முதல் டேக்கிலிருந்து எடுத்தது. அதன் தொடக்கத்தில் பால் உற்சாகமாக எண்ணுவது மட்டும் ஒன்பதாவது டேக்கிலிருந்து வெட்டி ஒட்டியது. பிப்ரவரி 20 அன்று குழு இல்லாத நேரத்தில் மார்ட்டின் ஒரு பாட்டுக்கு பியானோவும் இன்னொன்றுக்கு செலஸ்டா என்னும் விசைப்பலகை வாத்தியமும் தானே வாசித்துச் சேர்த்தார்.

மார்ச் 22 அன்று வெளிவந்த ஆல்பம் மே மாதத்தில் பிரிட்டிஷ் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்து 30 வாரம் அங்கேயே இருந்தது. அதை இறக்கியதும் அவர்களுடைய அடுத்த ஆல்பம்தான். சரியாக ஓராண்டு கழித்து, 1964 பிப்ரவரி 11 அன்று, வாஷிங்டன் கொலிசியத்தில், அமெரிக்காவில் தங்களுடைய முதல் கச்சேரியை நடத்தினார்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' அங்கும் ஒலித்தது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: இன்று மட்டும் ஏன் இவ்வளவு நாள்? இதற்கும் பீட்டில்ஸிடமே பதில் இருக்கிறது. 1966 ஆகஸ்டில் அவர்கள் கச்சேரி டூர்களை நிறுத்தினார்கள். அதே ஏபி ரோடு, அதே ஜார்ஜ் மார்ட்டின், அதே நால்வர்; ஆனால் அடுத்த ஆல்பமான 'சார்ஜன்ட் பெப்பர்' முடிய 1966 நவம்பரிலிருந்து 1967 ஏப்ரல் வரை ஆயிற்று. அந்தப் பாட்டுகள் மேடையில் பழகியவை அல்ல. ஸ்டுடியோவிலேயே ஒவ்வோர் அடுக்காகக் கட்டியவை. இன்றைய பாட்டுகள் பெரும்பாலும் அந்த வழியில் பிறக்கின்றன, அதனால் நாள் பிடிக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1963-இல் அந்த உழைப்பு ஹாம்பர்க்கிலும் லிவர்பூலிலும் மூன்று ஆண்டுகளாக நடந்து முடிந்திருந்தது. பிப்ரவரி 11 அன்று மைக்கை மட்டும் வைத்தார்கள்.