நடு எண்ணைப் பிடி

அன்புள்ள தம்பிக்கு,

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். அடுத்தடுத்த எண்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எடுத்த எடுப்பில் எக்ஸ், எக்ஸ்+1, எக்ஸ்+2 என்று பலகையில் எழுதிவிடாதே. பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். மனத்தில் ஒன்றும் இறங்காது.

முதலில் எண்களைக் கையில் கொடு. 4, 5, 6 கூட்டட்டும்: 15. 9, 10, 11: 30. 23, 24, 25: 72. நடு எண்ணின் மூன்று மடங்கு வருவதை எவளாவது கண்டுபிடித்துக் கத்துவாள். ஏன் என்று அவளையே கேள். கடைசி எண்ணில் கூடுதலாக இருக்கும் ஒன்றை எடுத்து முதல் எண்ணுக்குக் கொடுத்தால் மூன்றும் சமமாகிவிடும். இது புரிந்த பிறகு எக்ஸை நடுவில் வை: எக்ஸ்−1, எக்ஸ், எக்ஸ்+1.

நான்கு எண்கள் என்றால்? 11, 12, 13, 14 கூட்டினால் 50. நடுவில் எண்ணே இல்லை, பன்னிரண்டரைதான் இருக்கிறது. அதனால்தான் அடுத்தடுத்த நான்கு முழு எண்களின் கூடுதல் ஒருநாளும் 4-ஆல் மீதியின்றி வகுபடாது. இந்த இடத்தில் அவசரப்படாதே, ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் போகட்டும்.

அடுத்தடுத்த ஒற்றைப்படை எண்கள் கேட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளையும் எக்ஸ், எக்ஸ்+1, எக்ஸ்+3 என்று எழுதும். ஒற்றை என்றதும் ஒன்று, மூன்று என்று கை ஓடிவிடும். திட்டாதே. எக்ஸுக்கு 7 போடச் சொல். 7, 8, 10 என்று வந்ததும் தானே அழித்துவிடும்.

இதைச் சின்னப் பாடம் என்று எண்ணிவிடாதே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எஸ். எஸ். பிள்ளை 1940களில் இதே எண்களோடுதான் மல்லுக்கட்டினார். அடுத்தடுத்து 16 எண்கள் வரை எங்கே எடுத்தாலும், மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்கும் என்று நிறுவினார். 17 எண்கள் எடுத்தால் அது பொய்த்துப்போகும். 2184 முதல் 2200 வரை பார்: 2197-க்கும் 2184-க்கும் 13 பொது, 2189-க்கும் 2200-க்கும் 11 பொது.

மீதியை வகுப்பில் போடு. இரட்டைப்படை எண்களுக்கெல்லாம் 2 பொது, அவற்றை விட்டுவிடலாம். ஒற்றைப்படை எண்கள் எட்டுதான். காரணிகளைப் பிள்ளைகளே தேடட்டும், நீ சொல்லிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்