ஏரிக் கணக்கை மகள் போடட்டும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், ப்ராஜெக்ட் என்றாலே இணையத்தில் கிடைப்பதை அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடுகிறாள். தானாகத் தேடி, தரவு திரட்டிச் சொல்ல எப்படிப் பழக்குவது?
– வாசகி, தாம்பரம்

பதில்: தலைப்பைக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். ‘தண்ணீர்ச் சிக்கனம்’ என்றால் ஒட்டத்தான் செய்வாள். ‘செம்பரம்பாக்கம் ஏரியில் எந்த மாதம் தண்ணீர் வேகமாகக் குறைகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பைத் தினமும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியின் அளவை மட்டும் கூகுள் ஷீட்ஸில் அவளே தட்டெழுதட்டும். காப்பி-பேஸ்ட் வேண்டாம், கையால் ஏற்றும்போதுதான் ‘இந்த எண் ஏன் இப்படி?’ என்று உறுத்தும். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2019 ஜூனில் அது ஏறக்குறைய வறண்டு கிடந்தது. அந்த ஆண்டையும், டிசம்பரில் வெள்ளம் வந்த 2015-ஐயும் ஒரே வரைபடத்தில் போடச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு வேடிக்கை. ஏரி நிரம்பியிருந்த ஒரு மாதத்தின் தினசரி அளவுகளை எடுத்து, செங்குத்து அச்சை 0-வுக்குப் பதில் 3,000-இல் தொடங்கி வரையட்டும். சின்னச் சரிவு பாதாளமாகத் தெரியும். அதன்பிறகு டிவியில் வரும் எந்த வரைபடத்தையும் அவள் லேசில் நம்பமாட்டாள் (வீட்டு பட்ஜெட்டையும்தான்!). வகுப்பில் காட்ட மூன்று ஸ்லைடு போதும்: கேள்வி, வரைபடம், இன்னும் விடை தெரியாத விஷயம். பறக்கும் எழுத்துகள் வேண்டவே வேண்டாம்.