ரீமேப் செய்த வண்டியை என் தலையில் கட்டினார்கள்

ஹாட் ஹேட்ச், அதாவது வேகமாக ஓடுகிற சின்ன கார், வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் மைலேஜ் எவ்வளவு, ரீசேல் இருக்குமா, மேட்டில் இழுக்குமா என்றுதான் கேட்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் எடுக்கப் போகிறவர்கள்கூட இஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவு வைத்தது அந்தச் சின்னப் பெட்டிதான். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் பழைய கார் விற்கிற கன்சல்டிங் ஒன்றில்தான் என் வண்டி நின்றது. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர், சிங்கிள் ஓனர், கம்பெனி வாரண்டி இன்னும் பாக்கி. கையில் இருந்த பணத்துக்குப் புது வண்டி எட்டாது, இது எட்டியது. அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் மிதித்ததும் வண்டி பாய்ந்த பாய்ச்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. இதே மாடலைப் புதிதாக ஷோரூமில் ஓட்டியிருக்கிறேன், அது இப்படி இழுக்கவில்லை. அதைக் கடைக்காரரிடம் கேட்கவும் செய்தேன். "நல்லா ஓடி செட்டான இஞ்சினுங்ணா, புதுசுல இந்தப் பிக்கப் வராதுங்" என்றார். நான் கேட்டேன், அவர் மறைத்தார். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா" என்று வீட்டில் இன்றுவரை என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

அந்தக் கூடுதல் பாய்ச்சல் ரீமேப்பில் இருந்து வந்தது. டர்போ இஞ்சினில் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் உள்ளே தள்ளுவது, எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்த நொடியில் பிளக் பொறி தட்டுவது எல்லாவற்றையும் ஈசியுவில் உள்ள மென்பொருள் தீர்மானிக்கிறது. மோசமான பெட்ரோல், மே மாத வெயில், நாலு பேர் லக்கேஜோடு மலை ஏறுவது என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டுத்தான் கம்பெனி அதை அமைத்து அனுப்பும். ரீமேப் செய்கிற டியூனர் மென்பொருளை மாற்றி, அந்த இடைவெளியைத் தின்றுதான் சக்தியைக் கூட்டுகிறார். லேப்டாப்பை மாட்டினால் சில மணி நேரத்தில் முடிகிற வேலை. இஞ்சினைத் திறப்பதில்லை, பல வண்டிகளில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியிருக்காது. அதனால் வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் கிளட்ச் பழைய கிளட்ச்தான். கம்பெனி கொடுத்த முறுக்கு விசைக்கு ஏற்றபடி செய்த பிளேட், அதற்கு மேல் வருவதை நாளெல்லாம் தாங்காது.

வால்பாறை போகும்போது தெரிந்தது. ஆழியாறுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், வளைவிலிருந்து வெளியே வந்து மிதித்தால் ஆர்பிஎம் முள் விருட்டென்று மேலே போகிறது, வண்டி போகவில்லை. அடுத்த வளைவில் கருகிய வாடை. பின்சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, கிளட்ச் ஆறும்வரை காத்திருந்து, மெல்லத் திருப்பி இறங்கினோம்.

சர்வீஸ் சென்டரில் வண்டியை ஸ்கேனரில் போட்டார்கள். ஈசியுவில் இருந்த மென்பொருள் எண் கம்பெனிப் பதிவோடு பொருந்தவில்லை. வாரண்டி அந்த நிமிடமே போயிற்று. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல், கூலி, பழைய மென்பொருளை ஏற்றித் தந்தது எல்லாம் என் பணம். சர்வீஸ் அட்வைசர் நல்ல மனிதர், முதல் ஓனரின் எண்ணைத் தரவில்லை, தரவும் கூடாது. ஆனால் அவருக்கே போன் போட்டு என்னிடம் பேசச் சொன்னார். அந்தத் தம்பி தயங்காமல் சொன்னார்: "கன்சல்டிங்ல சொல்லித்தானுங்ணா குடுத்தேன். அதனாலதான் எனக்கு வெலையவே கொறச்சாங்க." ஆக, ரீமேப் என்று சொல்லி அவரிடம் விலையைக் குறைத்தார்கள். அதையே பிக்கப் என்று சொல்லி என்னிடம் விலையை ஏற்றினார்கள். திரும்பப் போய்க் கேட்டபோது, "நீங்க ஓட்டிப் பாத்துத்தானுங்ணா எடுத்தீங்க" என்பதுதான் பதில். அந்தக் கடைக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. யாராவது போனால் தடுத்தும் விடுகிறேன்.

எனவே பழையதை எடுக்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். முதலில் அதே மாடலில் புது வண்டியையோ, நம்பிக்கையான நண்பரின் வண்டியையோ அன்றைக்கே ஓட்டிவிட்டுப் போங்கள். பார்க்கப் போன வண்டி அதைவிட வேகமாகப் பாய்ந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் மென்பொருளின் கேலிப்ரேஷன் எண் வரும். அதை எழுதிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். ஆள் இல்லாத நேரான சாலையில், நாலாவது கியரில், 2,000 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது முழுசாக மிதியுங்கள். முள் மட்டும் தாவி, வேகம் அதனோடு ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. நாலு டயரும் நாலு கம்பெனியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சைலன்ஸர் குழாயில் புது வெல்டிங் தெரிந்தால் குனிந்து பாருங்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் ஹிஸ்டரியை வாட்ஸ்அப் படமாக வாங்காதீர்கள், சர்வீஸ் சென்டரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். "ஒரிஜினல் மென்பொருள், எந்த மாற்றமும் இல்லை" என்று விற்பனைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு மறுத்தால் அதுவே பதில்.

ஆர்.சி. மாற்றம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஃபாரம் 29, 30, கடன் இருந்தால் 35, நிலுவை சலான் இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் ஒரு பார்வை. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. இஞ்சினில் மாற்றம் செய்ததைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி அதைச் சொல்லியே கையை விரிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

இவ்வளவு பட்டும் ஏன் அந்த வண்டியை வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். மாமனார் முதல் நாளே சொன்னார்: "ஏனுங் மாப்ள, இந்தக் காசுக்கு ஒசரமா ஒரு வண்டி எடுத்திருக்கலாமுல்லங்." மச்சான் ஒருபடி மேலே போய் எஸ்யூவி ஒன்றுக்குக் கொட்டேஷனே வாங்கி வந்துவிட்டார். இருவருக்கும் அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உயரமான வண்டி நூறு கிலோ, இருநூறு கிலோ கூடுதல் எடையைச் சுமக்கிறது, வளைவில் சாய்கிறது, ஒரே இஞ்சினைப் போட்டால் சின்ன வண்டிதான் சுறுசுறுப்பாக இருக்கும். காந்திபுரத்தில் பார்க்கிங் தேடும்போது நாலு மீட்டருக்குள் அடங்கிய வண்டியின் அருமை தெரியும். கணவன், மனைவி, ஒரு பிள்ளை, வீட்டில் அப்பாவுக்கென்று தனியாக ஒரு கார், மாதம் ஒருமுறை ஊட்டியோ வால்பாறையோ: எங்கள் வீடு இப்படித்தான். உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படி இருந்தால், அதற்கு எஸ்யூவி எதற்கு?

1976-ல் ஃபோக்ஸ்வாகன் தன் சாதாரண கோல்ஃபில் 110 குதிரைசக்தி இஞ்சினைப் போட்டு ஜிடிஐ என்று விற்றபோது உண்டான எண்ணமே இதுதான்: குடும்ப வண்டி, கூடவே ஓட்டுவதில் ஒரு சந்தோஷம். நம் நாட்டில் அதற்குப் பலமுறை வரி குறுக்கே நின்றது. நாலு மீட்டர் நீளம், 1,200 சிசி பெட்ரோல் இஞ்சின் என்ற இரண்டு கோட்டையும் தாண்டாத வண்டிக்குத்தான் குறைந்த வரி. 2025 செப்டம்பர் முதல் அது 18 சதவீதம், தாண்டினால் 40. அபார்த் புந்தோ 2015-ல் 145 குதிரைசக்தியோடு வந்தது. ஆனால் இஞ்சின் 1,368 சிசி, அதனால் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2016-ல் வந்த போலோ ஜிடிஐயின் விலை ஷோரூமிலேயே 25.99 லட்சம்; எத்தனை பேர் வாங்க முடியும்? மாருதி பலேனோ ஆர்எஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. எங்கள் ஊர் ஜெயம் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா 2018-ல் 114 குதிரைசக்தி டியாகோ ஜேடிபியைப் போட்டது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் தளம் இருக்கிற ஊரிலிருந்து வந்த அந்த வண்டியும் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது நின்றுபோனது. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். நல்ல வண்டிகள் வந்தன, நாம் வாங்கவில்லை; எல்லாரும் உயரமான வண்டியைத் தேடிப் போனோம்.

புதிதாக எடுக்கிற வசதி இருந்தால் புதிதாகவே எடுங்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைசக்தி. கிளட்சைக் காலால் மிதிக்கிற முழு மேனுவல் அதற்கு 2023-ல்தான் வந்தது, அதற்கு முன்பு கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி. 2024-ல் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேஸரும் 120 குதிரைசக்திதான், ஆறு கியர் மேனுவல். இரண்டில் இன்றைக்கு ஷோரூமில் கிடைப்பதை ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கவர்ச்சியாக இருக்கும். உக்கடம் நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவர்கள் அதை எடுத்தால் உள்ளே கிளட்ச் சூடாகிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். எனக்கு மேனுவல்தான். கியரை நாமே மாற்றாவிட்டால் இந்த வகை வண்டி வாங்குவதற்கே காரணம் இல்லை.

மைலேஜ் ஊருக்குள் லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். அன்றாட ஓட்டத்தில் குறைந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில் அழுத்தி மிதிக்காதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இஞ்சினில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கக்கூடும். பதினாறு அங்குல வீலில் டயரின் பக்கச் சுவர் குட்டை, குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்மில் விழும். அதனால் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

கிளட்ச் மாற்றி, மென்பொருளைப் பழையபடி ஏற்றிய பிறகு என் வண்டியோடு எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பொய்யான பாய்ச்சல் போய்விட்டது, நாற்பது வளைவும் இப்போது முனகாமல் ஏறுகிறது. மச்சானே ஒருமுறை ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பித் தர மனமில்லாமல் நின்றார்.

அடுத்து வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. ஸ்கேனர் தெரிந்த ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள், அவருக்கு உண்டான கூலியைக் கொடுங்கள். ஸ்கேனரைச் செருக விடாத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.