பயிரின் பசியும் உரத்தின் அளவும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத் தீவின் வண்டல் நிலமும், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே மணிகண்டம் வட்டாரத்தில் காணப்படும் களர் நிலமும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லை. எனினும் ஒன்றிற்கு ஏற்ற உரத்திட்டம் மற்றொன்றிற்கு ஏற்காது. அண்டை வயற்காரர் இட்டதையே நாமும் இடுவது, நோயை அறியாமல் மருந்து உண்பதை ஒக்கும்.

மூன்று சத்துக்கள்

பயிருக்கு மிகுதியாக வேண்டியவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்றாகும். தழைச்சத்து இலையையும் தூரையும் வளர்க்கிறது. அது குறைந்தால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். மணிச்சத்து வேரூன்றவும் மணி பிடிக்கவும் உதவுகிறது. சாம்பல்சத்து தண்டிற்கு உறுதியும் நோயைத் தாங்கும் ஆற்றலும் தருகிறது. அது குறைந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும்.

நெல்லுக்கு ஏக்கர்க் கணக்கு

மண் பரிசோதனை செய்யப்படாத நிலத்தில் மத்திய, நீண்ட கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தும், 50 கிலோ மணிச்சத்தும், 50 கிலோ சாம்பல்சத்தும் இடுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு இது முறையே 60, 20, 20 கிலோ ஆகும். நூற்றுக்கு 46 பங்கு சத்துள்ள யூரியா 130 கிலோவும், 16 பங்குள்ள சூப்பர் பாஸ்பேட் 125 கிலோவும், 60 பங்குள்ள பொட்டாஷ் 33 கிலோவும் இதனைத் தரும்.

சூப்பருக்குப் பதிலாக டி.ஏ.பி. இடுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 43 கிலோ டி.ஏ.பி.யில் மணிச்சத்துடன் ஏறத்தாழ 8 கிலோ தழைச்சத்தும் சேர்ந்தே வருகிறது. ஆகவே யூரியாவை 113 கிலோவாகக் குறைத்தல் வேண்டும். குறைக்காவிடில் 17 கிலோ யூரியாவின் விலை வீணாவதுடன், பயிர் கொழுத்துச் சாயவும், பூச்சியும் குலைநோயும் பெருகவும் இடமாகும். வெள்ளைப் பொன்னி போன்று உயர்ந்து சாயும் ரகங்களுக்குப் பாதித் தழைச்சத்தே போதும்.

மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இடுக. தழை, சாம்பல் சத்துக்களை அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்காகப் பிரித்து இடுக. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து தனியே தூவுதல் நன்று. களர் நிலத்திற்கு இது 15 கிலோ வேண்டும். அங்கே பரிசோதனை காட்டும் அளவில் முதலில் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்தல் வேண்டும். களரைத் திருத்தாமல் இடும் உரம் முழுப்பயன் தராது.

எவ்வுரத்திற்கும் அடிப்படை இயற்கை எருவே. ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ, இரண்டரை டன் பசுந்தழையோ இட்ட நிலமே ரசாயன உரத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்கு அளிக்கும்.

வாழையின் தேவை

நெல்லுக்குரிய கணக்கு வாழைக்குப் பொருந்தாது. தோட்டக்கால் நிலத்தில் நேந்திரன் அல்லாத வாழை ஒன்றிற்கு 110 கிராம் தழைச்சத்தும், 35 கிராம் மணிச்சத்தும், 330 கிராம் சாம்பல்சத்தும் தேவை. சாம்பல்சத்து தழைச்சத்தைப்போல் மூன்று மடங்காக இருப்பதைக் காண்க. யூரியாவை மட்டும் நம்பினால் இலை செழிக்குமேயன்றித் தார் பருக்காது. 1993 முதல் திருச்சியில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அருகிலிருப்பது நமக்கு வாய்ப்பாகும்.

மண் மாதிரி எடுத்தல்

அறுவடைக்குப்பின், உரமிடுவதற்குமுன் மாதிரி எடுத்தல் வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்திற்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலக்குக. அதனை நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக்கிலோ ஆகும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் அனுப்புக.

ஊராட்சியின் கடமை

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 இயல்புகளைக் கணித்துத் தருகிறது. அட்டை பெட்டியில் உறங்கினால் பயனில்லை. ஊராட்சி உறுப்பினர்கள் வேளாண்மை அலுவலரைக் கிராம சபைக்கு அழைத்து முடிவுகளை விளக்கச் செய்யலாம். ஊரின் மொத்தத் தேவையைக் கணக்கிட்டுக் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பருவத்திற்கு முன்பே அறிவிக்கலாம். உரம் பருவத்தில் கிடைத்து, அளவோடு இடப்பட்டால், செலவு குறையும். நிலமும் அடுத்த தலைமுறைக்கு வளம் குன்றாது நிற்கும்.