பிள்ளைக்கு இது புது நாடு

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களிலிருந்து ஹந்தானைப் பக்கம் திரும்பும் பெரியவர்களுக்கு இது ஊர் திரும்புதல். மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. அது தன் வீட்டையும் சேர்ந்து விளையாடியவர்களையும் விட்டு வெளிநாடு வருகிறது. இதை மனதில் வைத்து இந்தப் பகுதியை வாசியுங்கள்.

முதலில் ஆவணங்கள். இந்தியாவில் பிறந்ததால் மட்டும் உங்கள் பிள்ளை இந்தியப் பிரஜை ஆகிவிடவில்லை. பெற்றோர் இலங்கையர் என்பதால் மட்டும் இலங்கைப் பதிவும் தானாக வந்துவிடாது. பிறப்பைப் பதிந்து, பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிள்ளைக்குச் சான்றிதழ் பெற வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் இதை முடித்துக்கொண்டு புறப்படுவதே நல்லது. பிறந்து ஓராண்டு கடந்திருந்தாலும் பதியலாம். தாமதக் கட்டணம் இருக்கும். முடிக்காமல் வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விட்டால், பிள்ளை வளர்ந்து அடையாள அட்டை கேட்கும் வயதில் அது பெரிய சிக்கலாகிவிடும். தோட்டப் பரம்பரையில் வந்து, தாத்தா பாட்டிக்கே பிரஜாவுரிமை இல்லாமல் போன குடும்பம் என்றால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும், இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களைக் கருதி 2009இல் செய்த திருத்தத்தையும் பற்றி எங்கள் களப் பணியாளரிடம் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

கட்டுநாயக்காவிலிருந்து கண்டிக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மாவனெல்லை தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கும். சமநிலத்தில் வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் வாந்தியெடுப்பார்கள். அதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். கண்டியிலிருந்து ஹந்தானைக்கு மறுபடியும் ஏற்றம்தான். ஸ்வெட்டரை மேலே எடுத்து வையுங்கள். முதல் இரவிலேயே தேவைப்படும்.

வந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள். ஹந்தானை, கங்கவட்ட கோறளைப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. அடுத்ததாக, குடும்பநல உத்தியோகத்தரைத் தேடுங்கள். தோட்டத்தில் மிட்வைப் என்றால் காட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டு அட்டையை அவரிடம் காட்டுவது முக்கியம், ஏனென்றால் இரு நாட்டு அட்டவணையும் ஒன்றல்ல. ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அங்கே 6, 10, 14 வாரங்களில். இங்கே 2, 4, 6 மாதங்களில். ஒன்பதாம் மாத ஊசியில் இங்கே கூகைக்கட்டும் சேரும். ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி உண்டு. தமிழ்நாட்டில் அது எல்லா மாவட்டங்களிலும் போடப்படுவதில்லை. எதைப் போட வேண்டும், எதை விடலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அட்டை தொலைந்திருந்தாலும் வெட்கப்படாமல் போங்கள்.

கண்டியில் டெங்கு உண்டு. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள். இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியசாலைக்குப் போங்கள். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே தனி வைத்தியசாலை இருக்கிறது. அவசரத்துக்கு 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கடும் மழையில் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று கூடிக்கொண்டு போகும். சிவப்பு என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள், சாமான் கட்ட நிற்காதீர்கள்.

இங்கே பாடசாலை ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் 1க்குப் போகலாம். அங்கே ஜூனில் ஒன்றாம் வகுப்பு தொடங்கிய பிள்ளை மறுபடி தரம் 1இல் உட்கார நேர்ந்தால், "பின்தங்கிவிட்டாய்" என்று அதன் காதுபடச் சொல்லாதீர்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். 5 முதல் 16 வயதுவரை இந்நாட்டில் கல்வி கட்டாயம். அதிபர் தயங்கினால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம். அதற்கும் சிறிய பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் அங்கேதான் விட்டுப் போகிறார்கள்.

பேச்சு விஷயத்தில் பெற்றோர் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துத் தமிழ் உங்கள் பிள்ளையின் தமிழிலிருந்து அதிக தூரமில்லை. பாடப்புத்தகத்தில் நாற்காலி கதிரையாகும், சோப்பு சவர்க்காரமாகும், கடையில் ரொட்டி பாணாகும், அவ்வளவுதான். சிங்களத்திலும் அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். "ஐயா" என்றால் மட்டும் அண்ணன். தம்பிக்கு மல்லி, தங்கைக்கு நங்கி. இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு கடைக்கு அனுப்புங்கள், ஒரு "ஸ்தூதி"யோடு.

முதல் மாதங்களில் நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வரலாம். சாப்பாட்டைத் தள்ளலாம், உங்கள் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே திரியலாம். அடிக்காதீர்கள். பழைய தலையணையோ பாத்திரமோ ஒன்று கூட வந்தால் பிள்ளைக்கு உதவும். நீங்கள் பிறந்த லயத்தைக் காட்டுங்கள். 1925இல் கட்டிய பழைய ஹந்தானைத் தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம்; தாத்தா பறித்த கொழுந்து எங்கே போனது என்று அங்கே நின்று சொல்லலாம். நாள் போகப் போகக் குறையாமல் பிள்ளை ஒடுங்கிக்கொண்டே போனால் மிட்வைப்பிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு யாராலும் துன்பம் என்றால் 1929.

"எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?" என்று அது கேட்கும். "இதுதான் வீடு" என்று அதட்டி வாயடைக்காமல், அந்த முகாம் வீட்டைப் பற்றி அது பேசுவதைக் கேளுங்கள். அங்கிருக்கும் கூட்டாளியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசவிடுங்கள்.