ஜீப்பின் 'கிராஸ்': தெரிந்துகொள்வோம்!

மலைப்பாதையில் ஓடும் பழைய மஹிந்திரா ஜீப்பின் அடியில் குனிந்து பாருங்க. நீளமான தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் கூட்டல் குறி போல இருப்பது 'கிராஸ்'. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினாலும் தண்டு சுழல்வது இதனால்தான்.

தேய்மானத்தின் அடையாளம்: கியர் போட்டதும் 'டக்' சத்தம், கிராஸ் ஓரத்தில் சிவப்புத் துருப்பொடி.

பராமரிப்பு: நிப்பிள் இருந்தால், 4 முனையிலும் புது கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்கணும்.

மாற்றும்போது:
1. முதலில் சக்கரங்களுக்குக் கல் வைக்கணும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது!
2. கழற்றும் முன் அடையாளக் கோடு போடணும். சாய்வாகச் சுழலும் கிராஸ், ஒரு சுற்றில் 2 முறை தண்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனை கிராஸ் அதைச் சரிசெய்யும். தண்டின் இரு கவைகளும் ஒரே நேராக இல்லாவிட்டால் வண்டி அதிரும்.

கிராஸ் உடைந்தால் ஓட்டத்திலேயே தண்டு கழன்று விழும். 'டக்' சத்தத்தை அலட்சியம் செய்யாதீங்க!