உழவுக்கு முன் பின்னச்சு எண்ணெய் அளவைப் பாருங்கள்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு முறிந்த இடம் அச்சரப்பாக்கம் என்பது தல வரலாறு. 'அச்சு இறு பாக்கம்' என்பதே இவ்வாறு மருவியதாகக் கூறுவர். இவ்வூர் ஏரிப் பாசன நிலங்களில் இன்று சேறு கலக்குவது டிராக்டர். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும் சமயத்தில் அதன் பின்னச்சு உடைந்து வயலில் நின்றுவிட்டால் விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஏரியில் நீர் இருக்கும் நாட்கள் கணக்கானவை. உதிரி பாகம் வரும் நாளோ யார் கணக்கிலும் அடங்காது.

என்ஜின் எண்ணெயைத் தினமும் பார்க்கும் ஓட்டுநர்கள்கூட பின்னச்சு எண்ணெயை டிராக்டர் வாங்கிய நாளோடு மறந்துவிடுகின்றனர். கட்டை வண்டிக்கு வண்டி மை போடாமல் சந்தைக்குக் கிளம்பாத குடும்பங்களிலும் இதே கதைதான்.

டிராக்டரின் இரு பின் சக்கரங்களுக்கும் நடுவே, பெரிய இரும்புக் கூட்டுக்குள் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி உள்ளது. களத்தில் பிணையல் கட்டிப் போரடிக்கும்போது உள்மாடு சிறிய வட்டமும், வெளிமாடு பெரிய வட்டமும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் திரும்பும்போதும் அப்படியே. உட்புறச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்புறச் சக்கரம் வேகமாகவும் சுற்றியாக வேண்டும். மாட்டு வண்டியின் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்வதால் அதற்குத் தொல்லை இல்லை. டிராக்டரிலோ என்ஜினின் சக்தி இரு சக்கரங்களுக்கும் போக வேண்டும். வேகம் மட்டும் மாறுபட வேண்டும். அதைச் செய்வது டிபரன்ஷியலே.

கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரம் கூட்டின் அடியிலுள்ள எண்ணெயில் பாதி மூழ்கியபடி சுழன்று, எண்ணெயை மேலே வாரி இறைக்கிறது. இந்தத் தெளிப்பில்தான் மேலேயுள்ள பேரிங்குகளும் சிறிய பற்சக்கரங்களும் நனைகின்றன. அளவு குறைந்தால் முதலில் காய்வது மேலிருப்பவையே. சேற்றில் ஒரு சக்கரம் நின்று மற்றது வீணாகச் சுழலும்போது, சுழலும் சக்கரம் வழக்கத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் ஓடும். அப்போது உள்ளிருக்கும் சிறிய பற்சக்கரங்கள் தம் ஊசிகளின் மேல் வெகுவேகமாக உரசுகின்றன. எண்ணெய் குறைவாயிருந்தால் நிறம் மாறிக் கருகி, பிடித்துக்கொள்ளும். எனவே சக்கரம் சுழன்றுகொண்டே நின்றால் ஆக்சிலேட்டரை மிதித்துப் பயனில்லை. வேகத்தைக் குறைத்து டிபரன்ஷியல் லாக்கைப் போட்டு நேராக வெளியே வந்து, திரும்புவதற்கு முன் லாக்கை எடுத்துவிட வேண்டும்.

'இருக்கட்டும், கூடவே ஒரு லிட்டர் ஊற்று' என்பதும் தவறு. அளவு மீறினால் எண்ணெய் கடைபட்டு நுரைத்துச் சூடேறும். நுரையிலே காற்றுதான் அதிகம்; அது பற்களைக் காப்பதில்லை. மிஞ்சிய எண்ணெய் ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். உலர் பிரேக் உள்ள டிராக்டர்களில் இக்கசிவு பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். ஒரு பக்க பிரேக் பிடித்து மறுபக்கம் வழுக்கினால், நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறும் டிராக்டர் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊற்றாமலே அளவு உயர்ந்திருந்தால் அது குறைவைவிட அபாயமான அறிகுறி. எண்ணெய் தானாக ஊறுவதில்லை. தண்ணீர் புகுந்துள்ளது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். சேற்றுழவில் சூடேறிய அச்சுக் கூடு, குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இழுப்பில், தேய்ந்த சீல் வழியாகவோ 'பிரீதர்' என்னும் காற்றுத் துளை மூடி வழியாகவோ தண்ணீர் உள்ளே போய்விடும். வேலை முடிந்த சூட்டோடு டிராக்டரை ஏரிக்குள் இறக்கிக் கழுவும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. கூடு ஆறிய பின் கரையில் நிறுத்தி, வாளியில் மொண்டு கழுவலாம். பிரீதர் மூடி சேறு அடைத்துக் கிடந்தால் அழுத்தம் வெளியேற வழியின்றிச் சீல் கெடும். வாரம் ஒரு முறை அதைத் துடைப்பது அவசியம்.

தண்ணீர் கலந்த எண்ணெய் பால் விட்ட தேநீர் போல் வெளுத்திருக்கும். சந்தேகமாயிருந்தால் சூடான இரும்புக் கரண்டியில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். நீர் இருந்தால் படபடவென்று பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, டீசல் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும். கலங்காமல் தனியே நிற்கும் நீரானால் எண்ணெயைவிடக் கனமாகையால் இரவில் அடியில் தங்கும். காலையில் டிராக்டரை அசைக்காமல் வடிகால் போல்ட்டைச் சிறிது தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரே. ஆனால் எண்ணெய் வெளுத்துவிட்டதென்றால் காத்திருந்து பயனில்லை; முழுவதையும் வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். சீலையும் மாற்றாவிட்டால் அடுத்த உழவில் அதே கதைதான்.

அளவு பார்ப்பது கால் மணி நேர வேலை. டிராக்டரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். வரப்போரச் சரிவில் பார்த்த அளவு கணக்கில் சேராது. என்ஜினை நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, லிப்ட் கைகளை முழுவதும் தாழ்த்த வேண்டும். இதை மறப்பவர் பலர். லிப்டுக்கும் பின்னச்சுக்கும் ஒரே எண்ணெயாக உள்ள டிராக்டர்களில், கைகள் உயர்ந்திருந்தால் எண்ணெயின் ஒரு பகுதி லிப்ட் சிலிண்டரில் தங்கிவிடும். அளவு குறைவாகக் காட்ட, மேலும் ஊற்றிக் கெடுத்துக்கொள்வர். பத்து நிமிடம் கழித்து, மூடியைச் சுற்றியுள்ள சேறு, வைக்கோல் துகள்களைத் துடைத்த பின்பே திறக்க வேண்டும். 'டிப் ஸ்டிக்' என்னும் அளவுக் கம்பியை நூல் பிரியாத துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே இருந்தால் சரி. மரையுள்ள கம்பியானால், திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதைக் கையேட்டில் கண்டுகொள்ள வேண்டும். கம்பியில்லாத வகைகளில் பக்கவாட்டில் ஓர் அளவு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் துளையின் கீழ் விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதில் கடைக்காரர் சொல்லைவிடக் கையேட்டின் சொல்லே முக்கியம். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் பந்தயக் கார்கள் சிலவற்றின் டிபரன்ஷியலுக்குள் உரசு தகடுகள் உண்டு. அவற்றுக்குத் தனிக் கலவை சேர்ந்த எண்ணெய் ஊற்றாவிட்டால் திருப்பத்தில் தகடுகள் அதிர்ந்து கத்தும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டருக்கும் இதே விதிதான். சாதாரண 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் வழுக்கும் அல்லது கத்தும். லிப்ட் பம்பும் சிரமப்படும். கியர் ஆயில் மட்டுமே கேட்கும் பழைய வகைகளும் உள்ளன. ஆகையால் பக்கத்து வீட்டு டிராக்டரைப் பார்த்து வாங்க வேண்டாம்.

எண்ணெய் வடிக்கும்போது போல்ட்டைக் கவனிக்க வேண்டும். பல டிராக்டர்களில் அதில் காந்தம் இருக்கும். மைபோன்ற சாம்பல் நிறத் துகள் ஒட்டியிருந்தால் கவலையில்லை. ஊசி போலவோ செதிள் போலவோ இரும்பு கிடைத்தால் பேரிங் அல்லது பல் உடைகிறது என்று பொருள். அன்றே ஓட்டுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்பது கையேட்டில் இருக்கும். கேஜ் வீல் போட்டுச் சேறு கலக்கும் டிராக்டருக்கு அந்தக் கணக்கு வரை காத்திருக்கலாகாது. சம்பா உழவு முடிந்ததும் ஒரு முறையும், நவரை முடிந்ததும் ஒரு முறையும் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பவர் டில்லர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதில் டிபரன்ஷியலுக்குப் பதிலாக ஸ்டியரிங் கிளட்சுகளே இருக்கும். ஆயினும் அதன் கியர் பெட்டி எண்ணெயிலும் தண்ணீர் புகும், சோதனை ஒன்றேதான்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், விற்பவரை ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன்பே அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். ஓடிய பின் எண்ணெய் கலங்கி, அடியில் தங்கிய தண்ணீர் தெரியாது போகும். வெளுத்த எண்ணெயோ, கருகிய வாடையோ இருந்தால் கிரவுன், பினியன் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். புதிதாக மாற்றிய பளபளக்கும் எண்ணெய் இருந்தால், பழையதை ஏன் மாற்றினார் என்று கேட்பதில் தவறில்லை. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், டின்னில் மூடி வைத்துக் கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.